மாதிரிப் புள்ளிகளை வைத்துச் சார்பின் சிறுமத்தைக் கண்டறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சார்பின் சூத்திரம் கையில் இல்லை. சில இடங்களில் அதன் மதிப்பு மட்டும் அளந்தோ கணக்கிட்டோ வைத்திருக்கிறோம். அந்தச் சார்பு எந்த இடத்தில் மிகக் குறைவாக இருக்கும், அங்கே அதன் மதிப்பு என்ன என்பதே கேள்வி. லென்ஸை நகர்த்தி நகர்த்தி மங்கலை அளப்பவருக்கும், படிகத்தின் கன அளவை மாற்றி மாற்றி ஆற்றலைக் கணக்கிடுபவருக்கும், இரு ஒலிப்பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்திப் பொருத்துபவருக்கும் இதே வேலைதான்.

பட்டியலில் இருப்பதிலேயே சிறிய மதிப்பை எடுத்துக்கொண்டால் போதாதா?

சில சமயம் போதும். புள்ளிகளுக்கு இடையேயான தூரத்தை இங்கே படி என்று அழைப்போம். மிகச் சிறிய மாதிரிப் புள்ளியையே விடையாக எடுத்தால், சமச்சீரான பள்ளத்தில் இடப்பிழை அரைப் படி வரை போகலாம். சாய்ந்த பள்ளத்தில் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் ஆகலாம். அந்த அளவு பிழை உங்கள் வேலைக்குப் பரவாயில்லை என்றால் இடைச்செருகலே, அதாவது புள்ளிகளின் ஊடே வளைவைப் பொருத்தி இடையில் உள்ள மதிப்பை ஊகிப்பதே, வேண்டாம். பரவாயில்லை என்று சொல்ல முடியாதபோதுதான் மேற்கொண்டு படிக்க வேண்டும்.

முதலில் என்ன செய்ய வேண்டும்?

பள்ளம் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தடுத்த மூன்று புள்ளிகளில் நடுப்புள்ளி மற்ற இரண்டையும் விடத் தாழ்வாக இருந்தால், சார்பு தொடர்ச்சியானதாக இருக்கும் பட்சத்தில், அந்த மூன்றுக்குள் ஒரு சிறுமம் நிச்சயம் உண்டு. இந்த நிபந்தனை கிடைக்காமல் எந்தச் சூத்திரத்தையும் ஓட்டக் கூடாது. இடைச்செருகலில் வரும் அபத்தமான விடைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சோதனையை விட்டதால் வருபவை.

மிகச் சிறிய மதிப்பு பட்டியலின் முதல் புள்ளியிலோ கடைசிப் புள்ளியிலோ இருந்தால் பள்ளம் சிக்கவில்லை. அது வெளியே எங்கோ இருக்கலாம், அல்லது சார்பு அந்த ஓரத்தில் இறங்கிக்கொண்டே போகலாம். கடைசி மூன்று புள்ளிகளில் பரவளையம் பொருத்தி வெளியே நீட்டினால் ஓர் எண் வரத்தான் செய்யும். ஆனால் அது புறச்செருகல், அதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அந்தப் பக்கம் இன்னும் இரண்டு மூன்று மாதிரிகள் எடுப்பதே வழி. எடுக்கவே முடியாது என்றால், "சிறுமம் எல்லையில்" என்று எழுதிவிட்டு நிறுத்துங்கள்.

மூன்று புள்ளிப் பரவளையச் சூத்திரம் என்ன?

இடப்பக்க மதிப்பு இ, நடு மதிப்பு ந, வலப்பக்க மதிப்பு வ, படி ப என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் சம இடைவெளியில் உள்ளன.

வளைவெண் = இ − 2ந + வ

நகர்வு = (ப ÷ 2) × (இ − வ) ÷ வளைவெண்

சிறும மதிப்பு = ந − (இ − வ)² ÷ (8 × வளைவெண்)

நகர்வை நடுப்புள்ளியின் இடத்தோடு கூட்டினால் சிறுமத்தின் இடம். குறி மைனஸ் என்றால் இடப்பக்கம். பள்ளம் சிக்கியிருந்தால் நகர்வு ஒருபோதும் அரைப் படியைத் தாண்டாது. ஆகவே நிரலில் நகர்வு அரைப் படிக்கு மேல் வந்தால் அதை வெட்டி அரைப் படியாக்காதீர்கள். அது நடுப்புள்ளியைத் தவறாகத் தேர்ந்தெடுத்ததன் அறிகுறி. காரணத்தைத் தேடுங்கள்.

ஓர் உதாரணத்தில் காட்ட முடியுமா?

விடை முன்பே தெரிந்த சார்பை எடுத்தால்தான் பிழை கண்ணுக்குத் தெரியும். ஓர் எண்ணை அதன் இயல் மடக்கையால் பெருக்கும் சார்பை எடுப்போம். அதன் சிறுமம் 0.367879 என்ற இடத்தில், மதிப்பு −0.367879. இந்த விடையை மறைத்துவிட்டு, 0.1 படியில் ஐந்து மாதிரிகளை மட்டும் பார்ப்போம்:

0.2 இல் −0.321888
0.3 இல் −0.361192
0.4 இல் −0.366516
0.5 இல் −0.346574
0.6 இல் −0.306495

மிகத் தாழ்ந்தது 0.4. இரு பக்கமும் அதைவிட உயரம், எனவே பள்ளம் சிக்கியது. இ − வ = −0.014618. வளைவெண் 0.025267. நகர்வு = 0.05 × (−0.014618 ÷ 0.025267) = −0.0289. விடை 0.3711. உண்மை இடத்திலிருந்து 0.0032 தள்ளி இருக்கிறது. வெறும் மாதிரிப் புள்ளியை எடுத்திருந்தால் பிழை 0.032, மூன்று கழித்தல்களிலும் ஒரு வகுத்தலிலும் பிழை பத்தில் ஒரு பங்காகிவிட்டது.

படியைப் பாதியாக்கி 0.30, 0.35, 0.40 என்ற புள்ளிகளை எடுத்தால் (0.35 இல் மதிப்பு −0.367438) விடை 0.36857, பிழை 0.0007. படி பாதியானால் பிழை ஏறத்தாழ கால்பங்காகும் என்பது இங்கே தெரிகிறது.

மீதிப் பிழை எங்கிருந்து வருகிறது?

பள்ளத்தின் சமச்சீரின்மையிலிருந்து. பரவளையம் இரு பக்கமும் ஒரே மாதிரி ஏறும். நம் சார்பு இடப்பக்கம் செங்குத்தாகவும் வலப்பக்கம் சாய்வாகவும் ஏறுகிறது. இந்த வித்தியாசத்தை அளப்பது மூன்றாம் வகைக்கெழு. இடப்பிழையின் பருமன் ஏறத்தாழ இவ்வளவு:

(மூன்றாம் வகைக்கெழு ÷ இரண்டாம் வகைக்கெழு) × (ப² ÷ 6 − நகர்வு² ÷ 2)

உண்மையான சிறுமம் நடுப்புள்ளியின் மேலேயே விழும்போது பிழை மிக அதிகம். இரு புள்ளிகளுக்கு நட்டநடுவில் விழும்போது அது ப² ÷ 24 என்ற அளவுக்கு, அதாவது கால்பங்காகச் சுருங்குகிறது. பலர் நேர்மாறாக எதிர்பார்ப்பார்கள். மாதிரிப் புள்ளியே சிறுமத்தில் உட்கார்ந்திருந்தால் விடை துல்லியமாக வரும் என்பது சமச்சீரான பள்ளத்துக்கு மட்டுமே உண்மை.

நான்காவது புள்ளியைச் சேர்த்தால்?

மேலே உள்ள 0.2, 0.3, 0.4, 0.5 ஆகிய நான்கின் வழியாக முப்படிக் கோவை ஒன்றைச் செலுத்தினால் சிறுமம் 0.36718 இல் வருகிறது. பிழை 0.0007. படியைப் பாதியாக்கியபோது கிடைத்த அதே துல்லியம், புதிதாக எதையும் அளக்காமலே. ஏற்கெனவே கையில் இருக்கும் நான்காவது புள்ளியை வீணாக்க வேண்டாம். எந்தப் பக்கத்துப் புள்ளியைச் சேர்ப்பது? பரவளையம் காட்டிய நகர்வு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். சிறுமம் நான்கின் நடு இடைவெளிக்குள் விழ வேண்டும்.

முப்படிக் கோவையின் சிறுமத்தை எடுக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. கோவை: மு × த³ + இரு × த² + ஒ × த + மாறிலி. இங்கே த என்பது இடம்; மு, இரு, ஒ மூன்றும் கெழுக்கள். வகையிட்டு இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் இரண்டு மூலங்கள். ஒன்று சிறுமம், மற்றொன்று பெருமம். பள்ளிக்கூடச் சூத்திரம் 3 × மு என்பதால் வகுக்கும். பள்ளம் ஏறத்தாழ சமச்சீராக இருந்தால் மு பூஜ்யத்தை நெருங்கும். அப்போது கிட்டத்தட்டச் சமமான இரு எண்களைக் கழித்து மிகச் சிறிய எண்ணால் வகுக்கிறோம், இலக்கங்கள் எல்லாம் போய்விடும். இந்த வடிவத்தைப் பயன்படுத்துங்கள்:

த = −ஒ ÷ (இரு + √(இரு² − 3 × மு × ஒ))

இது எப்போதும் சிறும மூலத்தையே தரும். மு பூஜ்யமானால் தானாகவே பரவளையச் சூத்திரமாக மாறிவிடும். வர்க்கமூலத்துக்குள் மைனஸ் வந்தால் அந்தக் கோவைக்குச் சிறுமமே இல்லை; மூன்று புள்ளிப் பரவளையத்துக்குத் திரும்புங்கள்.

அப்படியானால் எல்லாப் புள்ளிகளின் வழியாகவும் ஒரே கோவையைச் செலுத்தலாமே?

கூடாது. இருபது சம இடைவெளிப் புள்ளிகள் வழியாகப் பத்தொன்பதாம் படிக் கோவை ஒன்றைச் செலுத்தினால் ஓரங்களில் அது கண்டபடி ஊசலாடும். கார்ல் ருங்கே 1901 இல் இதைக் காட்டினார். மணி வடிவத்தில் இருக்கும் மிக எளிய சார்புக்கே இந்தக் கதி. ஊசலாட்டத்தின் ஒவ்வொரு பள்ளமும் ஒரு போலிச் சிறுமம். சிறுமத்தின் இடத்தைத் தீர்மானிப்பது அதன் அக்கம்பக்கப் புள்ளிகளே. தொலைவில் இருப்பவற்றுக்கு அதில் வேலை இல்லை.

புள்ளிகள் சம இடைவெளியில் இல்லை. என்ன செய்வது?

நடுப்புள்ளியிலிருந்து எல்லாவற்றையும் அளந்தால் சூத்திரம் எளிது. இட ஏற்றம் = இ − ந, வல ஏற்றம் = வ − ந. இரண்டும் பூஜ்யமோ அதற்கு மேலோ. இடத்தூரம், வலத்தூரம் என்பவை நடுப்புள்ளியிலிருந்து இடப்பக்க, வலப்பக்கப் புள்ளிகளுக்கு உள்ள தூரங்கள்.

மேல்பகுதி = இட ஏற்றம் × வலத்தூரம்² − வல ஏற்றம் × இடத்தூரம்²
கீழ்ப்பகுதி = 2 × (இட ஏற்றம் × வலத்தூரம் + வல ஏற்றம் × இடத்தூரம்)
நகர்வு = மேல்பகுதி ÷ கீழ்ப்பகுதி

நிரலைச் சோதிக்க: 1, 2, 5 என்ற இடங்களில் மதிப்புகள் 4, 1, 4. இட ஏற்றமும் வல ஏற்றமும் 3; இடத்தூரம் 1, வலத்தூரம் 3. மேல்பகுதி 27 − 3 = 24. கீழ்ப்பகுதி 24. நகர்வு 1, சிறுமம் 3 இல். இந்த எண்கள் 3 இல் அடிதொடும் பரவளையத்திலிருந்தே எடுத்தவை, எனவே விடை இம்மி பிசகாமல் வர வேண்டும்.

இரு பக்கத் தூரங்களும் பத்து மடங்கு வித்தியாசப்பட்டால் சூத்திரம் சரியாக வேலை செய்தாலும் விடையை நம்ப முடியாது. நீண்ட பக்கத்தில் பள்ளம் பரவளையமாகவே இருக்கும் என்று யார் சொன்னது?

என் அளவீடுகளில் இரைச்சல் (தற்செயலான ஏற்ற இறக்கம்) இருக்கிறது. படியைக் குறைத்தால் துல்லியம் கூடுமா?

குறையும். இந்தப் பக்கத்தில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் சற்று விரிவாகவே சொல்வோம்.

பள்ளத்தின் அடி தட்டையானது. படியைச் சிறிதாக்கினால் மூன்று மதிப்புகளும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். அவற்றின் வித்தியாசத்தில் மிஞ்சுவது இரைச்சல் மட்டுமே. ஒவ்வொரு மதிப்பிலும் இரைச்சலின் திட்டவிலக்கம் ச என்றால், மூன்று புள்ளிப் பரவளையம் தரும் இடத்தின் திட்டவிலக்கம் ஏறத்தாழ

ச ÷ (1.41 × ப × இரண்டாம் வகைக்கெழு)

படி பாதியானால் இரைச்சலால் வரும் பிழை இரண்டு மடங்கு. மறுபக்கம், படி பெரிதானால் சமச்சீரின்மையால் வரும் பிழை படியின் வர்க்கமாக ஏறுகிறது. இரண்டின் கூட்டுத்தொகையும் மிகக் குறையும் இடம்:

படியின் கனம் ≈ 2.1 × ச ÷ மூன்றாம் வகைக்கெழுவின் பருமன்

மூன்றாம் வகைக்கெழு யாருக்கும் துல்லியமாகத் தெரியாது. நான்கு புள்ளிகளின் மூன்றாம் வேறுபாட்டை (அடுத்தடுத்த மதிப்புகளைக் கழித்து, வரும் வித்தியாசங்களை மேலும் இருமுறை அதேபோல் கழித்தது) படியின் கனத்தால் வகுத்தால் தோராயம் கிடைக்கும். கனமூலம் எடுப்பதால் அதில் இரண்டு மடங்கு பிழை இருந்தாலும் படியில் கால்பங்குதான் மாறும்.

எளிய சோதனை ஒன்று: வளைவெண்ணை இரைச்சலோடு ஒப்பிடுங்கள். வளைவெண்ணிலேயே இரைச்சலின் பங்கு √6, அதாவது 2.4 மடங்கு ச. வளைவெண் இதைவிடக் குறைந்தது பத்து மடங்காவது பெரிதாக இல்லையென்றால் மூன்று புள்ளிகளை நம்ப வேண்டாம்.

இரைச்சலுக்கு எதிராக எதைப் பயன்படுத்துவது?

எல்லாப் புள்ளிகளையும் தொட்டுச் செல்லும் வளைவை விட்டுவிட்டு, அவற்றின் ஊடே மீச்சிறு வர்க்க முறையில், அதாவது விலகல்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகக் குறையும்படி, பரவளையம் பொருத்துங்கள். ஐந்து சம இடைவெளிப் புள்ளிகளுக்கு அணி எதுவும் தேவையில்லை. சவிட்ஸ்கியும் கோலேயும் 1964 இல் வெளியிட்ட எண்களே போதும். மதிப்புகளை இடமிருந்து வலமாக ம1 முதல் ம5 வரை எடுத்தால்:

சாய்வுத் தொகை = −2ம1 − ம2 + ம4 + 2ம5
வளைவுத் தொகை = 2ம1 − ம2 − 2ம3 − ம4 + 2ம5
நகர்வு = −0.7 × ப × சாய்வுத் தொகை ÷ வளைவுத் தொகை

மூன்று புள்ளிகளோடு ஒப்பிட்டால் இரைச்சலால் வரும் சிதறல் 2.2 மடங்கு குறைகிறது. இதற்கு விலையும் உண்டு: சமச்சீரின்மைப் பிழை பெருமளவு கூடும். நடுப்புள்ளி சிறுமத்தின் மேலேயே இருந்தால் 3.4 மடங்கு. நம் உதாரணத்தின் ஐந்து புள்ளிகளையும் இதில் போட்டால் விடை 0.3827, பிழை 0.015, மூன்று புள்ளிகள் தந்ததைவிட நாலரை மடங்கு மோசம். இரைச்சலே இல்லாத தரவில் இந்த முறையைப் பயன்படுத்தினால் நல்ல விடையைக் கெடுத்துக்கொள்வதுதான் மிச்சம். புள்ளிகளைக் கூட்ட விரும்பினால் கூடவே படியையும் குறையுங்கள். புள்ளிகள் பரவியிருக்கும் மொத்த அகலம் அப்படியே இருக்கட்டும்.

எந்த ஸ்பிளைன்?

முழு வளைவையும் வரைய வேண்டும், பல பள்ளங்களையும் ஒரே ஓட்டத்தில் எடுக்க வேண்டும் என்றால் முப்படி ஸ்பிளைன், அதாவது அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே ஒவ்வொரு முப்படிக் கோவையை வைத்து வழவழப்பாக இணைத்த வளைவு, நல்ல தேர்வு. ஒவ்வொரு துண்டிலும் அதன் வகைக்கெழு இருபடிக் கோவை, மூலங்கள் நேரடியாகக் கிடைக்கும். ஒவ்வொரு மூலத்திலும் இரண்டாம் வகைக்கெழு நேர்மறையா என்று பார்த்து, மிஞ்சியவற்றின் மதிப்புகளை இரு முனைகளின் மதிப்போடும் ஒப்பிட்டு, தாழ்ந்ததை எடுக்க வேண்டும். பைத்தானின் சைபை (SciPy) நூலகத்தில் உள்ள கியூபிக் ஸ்பிளைனில் (CubicSpline) வகைக்கெழுவை எடுத்து அதன் மூலங்களைக் கேட்டால் போதும். ஆனால் புறச்செருகலை அணைத்துவிட்டுக் கேளுங்கள். இல்லாவிட்டால் தரவுக்கு வெளியே இருக்கும் மூலங்களும் பட்டியலில் வந்து சேரும்.

நேர்கோட்டு இடைச்செருகல் இந்த வேலைக்கு உதவாது. இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டின் தாழ்ந்த இடம் எப்போதும் ஒரு முனைதான். பலருக்குத் தெரியாதது, ஃப்ரிட்ஷ், கார்ல்சன் ஆகியோரின் 1980 ஆம் ஆண்டு முறையில் அமைந்த பிசிப் (PCHIP) இடைச்செருகலும் அப்படியே என்பது. தரவு ஏறும் இடத்தில் ஏறி, இறங்கும் இடத்தில் மட்டும் இறங்குவதுதான் அதன் சிறப்பு. அதனாலேயே அதன் பள்ளங்கள் எல்லாம் மாதிரிப் புள்ளிகளின் மேலேயே விழும். வளைவு வழவழப்பாகத் தெரியும், ஆனால் சிறுமம் பட்டியலில் இருந்த அதே எண். படத்துக்கு அதைப் பயன்படுத்துங்கள், சிறுமத்துக்கு வேண்டாம்.

இயற்கை ஸ்பிளைன் என்பது இரு முனைகளிலும் இரண்டாம் வகைக்கெழுவைப் பூஜ்யமாக்குவது. பள்ளம் முனையிலிருந்து இரண்டு மூன்று புள்ளிகளுக்குள் இருந்தால் இந்தப் பொய்யான தட்டைத்தன்மை விடையை இழுத்துவிடும். சைபை இயல்பாகப் பயன்படுத்தும் நாட்-எ-நாட் (not-a-knot) எல்லை நிபந்தனை, அதாவது முனையில் உள்ள முதல் இரண்டு துண்டுகளையும் ஒரே முப்படிக் கோவையாக்குவது, இங்கே மேல்.

பள்ளம் பரவளையம் போல இல்லை, வி வடிவில் கூர்மையாக இருக்கிறது.

வித்தியாசங்களின் தனி மதிப்பை (குறியை நீக்கிய அளவை) கூட்டிப் பொருத்தம் பார்க்கும் இடங்களில் இப்படி வரும். பரவளையம் இங்கே விடையை மாதிரிப் புள்ளியை நோக்கி இழுக்கும்: உண்மைச் சிறுமம் 0.2 படி தள்ளி இருந்தால் அது 0.125 என்று சொல்லும். இரு பக்கமும் ஒரே சாய்வுள்ள இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தை எடுங்கள். வளைவெண்ணுக்குப் பதில், இ, வ இரண்டில் பெரியதிலிருந்து ந-வைக் கழித்து வகுத்தால் போதும்:

நகர்வு = (ப ÷ 2) × (இ − வ) ÷ (பெரியது − ந)

இதன் நேர் எதிர்ப்பக்கம்: பள்ளத்தைத் தலைகீழாக்கினால் மணி வடிவக் காஸியன் கிடைக்கும் என்று தெரிந்தால், தலைகீழாக்கிய மதிப்புகளின் மடக்கையை எடுத்துவிட்டுப் பரவளையம் பொருத்துங்கள். காஸியனின் மடக்கை சுத்தமான பரவளையம், எனவே பிழையே இராது. பின்னணி அளவை முதலில் கழிக்க மறக்க வேண்டாம். கழிக்காவிட்டால் மடக்கையால் பயன் இல்லை.

வடிவம் தெரிந்தால் அதைப் பயன்படுத்துவதே எப்போதும் மேல். படிகத்தின் ஆற்றலைக் கன அளவுக்கு எதிரே வரைபவர்கள் பரவளையத்தை விட்டுவிட்டு, பிர்ச் 1947 இல் தந்த நிலைச் சமன்பாட்டைப் பொருத்துவது இதனால்தான். அழுத்துவது கடினம், விரிப்பது எளிது என்ற சமச்சீரின்மை அந்தச் சமன்பாட்டிலேயே இருக்கிறது.

இரண்டு மாறிகள் இருந்தால்?

மிகத் தாழ்ந்த கட்டத்தைச் சுற்றி மூன்றுக்கு மூன்று என ஒன்பது மதிப்புகளை எடுங்கள். படி 1 என்று வைத்தால்: கிடைச் சாய்வு = (வலது − இடது) ÷ 2; கிடை வளைவு = இடது − 2 × நடு + வலது; குத்துக்கும் அப்படியே, வலதுக்குப் பதில் மேல், இடதுக்குப் பதில் கீழ். குறுக்கு வளைவு = (மேல்வலது − மேல்இடது − கீழ்வலது + கீழ்இடது) ÷ 4. பிறகு

அணிக்கோவை = கிடை வளைவு × குத்து வளைவு − குறுக்கு வளைவு²
கிடை நகர்வு = (குறுக்கு வளைவு × குத்துச் சாய்வு − குத்து வளைவு × கிடைச் சாய்வு) ÷ அணிக்கோவை
குத்து நகர்வு = (குறுக்கு வளைவு × கிடைச் சாய்வு − கிடை வளைவு × குத்துச் சாய்வு) ÷ அணிக்கோவை

அணிக்கோவை நேர்மறையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அது பள்ளம் அல்ல, குதிரைச் சேணம்.

குறுக்கு வளைவை விட்டுவிட்டுக் கிடைக்கு ஒரு பரவளையம், குத்துக்கு ஒரு பரவளையம் என்று தனித்தனியாகப் பொருத்துவது பரவலாக நடக்கிறது. பள்ளம் சாய்கோணத்தில் நீண்டிருந்தால் இது எவ்வளவு மோசம் என்று பாருங்கள். கிடை வளைவு 2, குத்து வளைவு 2, குறுக்கு 1.8, கிடைச் சாய்வு −0.24, குத்துச் சாய்வு −0.14. தனித்தனிப் பரவளையங்கள் 0.12, 0.07 என்று சொல்லும். உண்மை விடை 0.3, −0.2. இரண்டாவதன் திசையே தவறு. ஒன்பது மதிப்புகளும் கையில் இருக்கும்போது மூலைகள் நான்கையும் வீசி எறிவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

நகர்வு எந்தத் திசையிலாவது அரைக் கட்டத்தைத் தாண்டினால், பக்கத்துக் கட்டத்தை நடுவாக வைத்து ஒருமுறை மீண்டும் கணக்கிடுங்கள். சாய்ந்த நீண்ட பள்ளங்களில் இது நடக்கக்கூடும்.

சார்பை வேண்டிய இடத்தில் மீண்டும் கணக்கிட முடியும் என்றால்?

அப்போது அட்டவணையோடு நிற்க வேண்டியதில்லை. சிக்கிய மூன்று புள்ளிகளை பிரென்ட் முறைக்குக் கொடுத்துவிடுங்கள். ரிச்சர்ட் பிரென்ட் 1973 இல் தந்த இந்த முறை, பரவளைய நகர்வு நம்பத்தக்கதாக இருக்கும்வரை அதைப் பின்பற்றும். தடுமாறினால் பெரிய துண்டின் 38.2 சதவீதத்தில் வெட்டும் பொன்விகிதத் தேடலுக்கு மாறும்.

துல்லிய வரம்பை 10⁻⁸ க்குக் கீழே வைப்பது வீண். சாதாரண இரட்டைத் துல்லிய எண்களில் சுமார் 16 இலக்கங்கள். பள்ளத்தின் அடி தட்டை என்பதால் இடத்தில் அதில் பாதி, 8 இலக்கங்கள்தான் கிடைக்கும். அதற்குக் கீழே சார்பின் மதிப்பு மாறுவதே இல்லை. கூடுதல் துல்லியம் வேண்டுமானால் வகைக்கெழுவைக் கணக்கிட்டு, அது பூஜ்யமாகும் இடத்தைத் தேட வேண்டும்.

அட்டவணையை நேர்கோடுகளால் இணைத்து அதன்மேல் பிரென்ட் முறையை ஓட்டுவது மட்டும் வேண்டாம். அது எத்தனை சுற்று ஓடினாலும் கடைசியில் ஒரு மாதிரிப் புள்ளியில் போய் நிற்கும்.

விடை கண்டபடி வருகிறது. நிரலில் எங்கே பார்ப்பது?

முதலில் தரவின் வகையைப் பாருங்கள். எட்டு பிட் குறியற்ற முழு எண்களாகப் படத்தின் மதிப்புகள் இருந்தால் இ − 2ந + வ என்ற கணக்கே சுற்றிக்கொண்டு வேறு எண்ணாகிவிடும்; கழிப்பதற்கு முன்பே தசம எண்ணாக மாற்றுங்கள். பைத்தானில் இண்டெக்ஸ் பூஜ்யத்துக்கு முந்தைய உறுப்பைக் கேட்டால் பிழைச் செய்தி வராது, அரேயின் கடைசி உறுப்பு வரும். கோணம் போன்ற சுழலும் மாறிக்கு அது சரி, மற்றவற்றுக்குப் பேராபத்து. பைத்தானின் நம்பை (NumPy) நூலகத்தில் மிகச் சிறியதைத் தேடும் ஆர்க்மின் (argmin), பட்டியலில் ஒரு வெற்று மதிப்பு (NaN) இருந்தால் அதையே சிறியது என்று கொடுத்துவிடும். அதற்கென இருக்கும் நான்-ஆர்க்மினை (nanargmin) பயன்படுத்துங்கள்.

அடுத்தது ஆதிப்புள்ளி. 1,000,000 ஐச் சுற்றி 0.1 படியில் இருக்கும் புள்ளிகளுக்கு நேரடியாகப் பரவளையம் பொருத்தினால் வர்க்கங்களின் அளவிலேயே இலக்கங்கள் தீர்ந்துவிடும். நடுப்புள்ளியைக் கழித்துப் படியால் வகுத்து, −1, 0, 1 என்ற அளவில் பொருத்திவிட்டுப் பிறகு திரும்ப மாற்றுங்கள். மதிப்புகளுக்கும் இதே பேச்சு: −7892 ஐச் சுற்றி ஆறாவது தசமத்தில் மாறும் ஆற்றல்களை ஒற்றைத் துல்லியத்தில் வைத்திருந்தால், இடைச்செருகலுக்கு முன்பே பள்ளம் அழிந்துவிட்டது.

நடுப்புள்ளியைவிடத் தாழ்ந்தது எதுவும் இல்லாதபோது வளைவெண் பூஜ்யம் என்று வந்தால் மூன்று மதிப்புகளும் சமம். கருவியின் முழு எண் அளவீடுகளில் இது அடிக்கடி நடக்கும். தட்டையான பகுதி முழுவதையும் கண்டுபிடித்து அதன் மையத்தை எடுக்கலாம்; அதன் அரை அகலத்தைப் பிழை அளவாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என் முறை சரியாக வேலை செய்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

உங்கள் பள்ளத்தைப் போன்ற வடிவமுள்ள, சிறுமம் தெரிந்த ஒரு சார்பை எடுங்கள். அதே படியில் மாதிரி எடுத்து, சிறுமத்தை −0.5 படியிலிருந்து +0.5 படி வரை 0.05 படியாக நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் கண்டறிந்த விடையின் பிழையை வரையுங்கள். மொத்தம் 21 ஓட்டங்கள். வரைபடம் மாதிரிப் புள்ளிகளை நோக்கி வளைந்து எஸ் வடிவில் வந்தால் உங்கள் பள்ளம் பரவளையத்தைவிடக் கூர்மையானது. எல்லாப் பிழைகளும் ஒரே பக்கம் சாய்ந்து, நடுவில் உயர்ந்து ஓரங்களில் தாழ்ந்தால் அது சமச்சீரின்மை. முப்படிக் கோவைக்கு மாறுங்கள். பிறகு உங்கள் அளவீட்டில் உள்ள அதே அளவு இரைச்சலைச் சேர்த்து ஒவ்வொன்றையும் 1000 முறை ஓட்டினால், சிதறலின் திட்டவிலக்கத்தை விடையின் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறியோடு எழுதிக்கொள்ளலாம்.

இரு மாதிரிகளுக்கு இடையே இன்னும் ஆழமான ஒரு குறுகிய பள்ளம் ஒளிந்திருந்தால் இந்த முறைகள் காட்டுமா?

காட்டாது. மாதிரியில் படாத பள்ளத்தை எந்த இடைச்செருகலும் கண்டுபிடிக்க முடியாது. எதிர்பார்க்கும் மிகக் குறுகிய பள்ளத்தின் அகலத்துக்குள் குறைந்தது ஐந்து புள்ளிகளாவது விழும்படி படியை முதலிலேயே தீர்மானியுங்கள். அகலம் தெரியாவிட்டால், முதல் தேடலின் புள்ளிகளுக்கு நடுநடுவே ஒரு சுற்று மாதிரி எடுத்துப் பாருங்கள். புதிய மதிப்புகள் பழைய ஸ்பிளைன் சொன்ன மதிப்புகளோடு இரைச்சல் அளவுக்குள் ஒத்துப்போனால் படி போதும்; ஓரிடத்தில் மட்டும் விலகினால் அந்த இடத்தைச் சுற்றி இன்னும் நெருக்கமாக எடுங்கள்.